எட்டு நிமிட நிம்மதி

அக்காவின் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. குரல் தெரிந்திருக்கும். லிஃப்டில் ஏறியதும் "கதவுகள் மூடுகின்றன" என்று சொல்வது அவர்தான். வங்கியில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடும்போது "எண் நாற்பத்தேழு, மூன்றாம் கவுண்ட்டருக்கு வரவும்" என்று எழுப்பிவிடுவதும் அவர்தான். ஏதோ ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பீர்களே, அப்போது "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று எரிச்சலைக் கிளப்புவதும் அவரேதான். அதற்காக அவரைத் திட்டாதீர்கள். எழுதிக் கொடுத்ததைப் படித்தார், அவ்வளவுதான்.

திட்டுவதானால் என்னைத் திட்டலாம். அந்தக் குரலையெல்லாம் பதிவு செய்தவன் நான்.

செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் ஒலிப்பதிவு அறை. லிஃப்டுக்குக் குரல் கொடுக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் அறை, சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை ஒட்டியது. பதிவு நடக்கும்போது ஏசியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் முனகலும் சேர்ந்து பதிவாகும். அக்கா காலையில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வேலையை முடித்துவிட்டு, மதியம் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்த அடுப்புக்குள் போய் உட்காருவார். இருபது வருடமாக இப்படித்தான்.

என் வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். யார் பேசினாலும் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே மூச்சு இழுப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் அந்த மூச்சு வார்த்தைகளுக்கு இடையே சின்னக் கம்பளிப்பூச்சி மாதிரி தெரியும். அறிவிப்பில் அது இருக்கக் கூடாது. "எட்டாம் நடைமேடை" என்பதற்கு முன்னால் ஒருத்தி மூச்சு வாங்கினால் கேட்பவனுக்கு வண்டியே நின்றுவிடுமோ என்று பயம் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கம்பளிப்பூச்சியையும் பிடித்து வெட்டி எறிவேன். அதில் எனக்கு நல்ல பெயர். அக்கா எனக்கு வைத்த பெயர் கத்திரி.

"டேய் கத்திரி, என் மூச்சையெல்லாம் எங்கடா கொண்டு போய்க் கொட்டுற? சேத்து வச்சிருந்தா இந்நேரம் ஒரு பலூன்ல ஏறி ஊரைச் சுத்தி வந்திருப்பேன்" என்பார்.

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே வெட்டுவேன்.

அந்த மருத்துவமனை வேலை வந்தபோது அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு மனசு ஆறுவதற்காக ஒரு பயிற்சி. கண்ணை மூடிப் படுப்பது, கால் விரலில் தொடங்கி உடம்பை இறுக்கித் தளர்த்துவது, வயிறு எழும்பும்படி மெதுவாக மூச்சு இழுத்து அதைவிட மெதுவாக விடுவது. அங்கே இருந்த ஒரு டாக்டரம்மா உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தார். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் எத்தனை எண்ணும் வரை இடைவெளி விட வேண்டும் என்று கையால் குறித்திருந்தார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

அன்றைக்கு அக்கா கறுப்பு உடுப்பில் வந்தார். நாற்காலியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக அவருக்கு மாதத்தில் பாதி நாள் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன், ஆம்பளைகள் இதிலெல்லாம் கைதேர்ந்தவர்கள். நடுவில் மூன்று தரம் பதிவை நிறுத்தச் சொன்னார். மூன்றாவது தரம் நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒலிவாங்கியில், "அக்கா, சீக்கிரம். இங்க நான் வெந்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அவர் வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "உங்கள் வயிறு இப்போது லேசாகிறது" என்று வாசித்தார். பட்டு மாதிரி இருந்தது குரல்.

மருத்துவமனை மேலாளர் கேட்டுவிட்டு எட்டு நிமிடமாக்கித் தரச் சொன்னார். வார்டு ஒலிபெருக்கியில் அதற்கு மேல் போனால் அடுத்து வரும் உடல் பரிசோதனைத் தள்ளுபடி விளம்பரத்தோடு இடிக்குமாம். ஒரு சொல்லைக்கூட வெட்டக் கூடாது, டாக்டர் கோபித்துக்கொள்வார் என்றும் சொன்னார். சொல்லை வெட்டாமல் நாலு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது? எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. ஊமையாகக் கிடந்த இடங்களையெல்லாம் சுருக்கினேன். பத்து எண்ண வேண்டிய இடத்தில் மூன்று. ஆறு எண்ண வேண்டிய இடத்தில் இரண்டு. கம்பளிப்பூச்சிகளையும் பழக்கப்படி பிடித்து எறிந்தேன். மூச்சு விடக் கற்றுக்கொடுக்கும் ஒரு பதிவிலிருந்து மூச்சு விடும் இடத்தை எல்லாம் வழித்து எடுத்துவிட்டு, கச்சிதமாக வந்திருக்கிறது என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். அதைக் கேட்டுச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேலாளருக்கும் தோன்றவில்லை. டாக்டரம்மா அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் அக்காவுக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. அதே மருத்துவமனை.

அவர் வீட்டுக்காரர் டயர் கடையில் வேலை செய்பவர். நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னது ஒரே வரி: "எடுத்துட்டுப் போகட்டும், அதுக்குத்தான் வேலை முடிஞ்சிடுச்சே." அக்கா அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

இனி வருவதெல்லாம் பின்னால் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆறு கட்டில் போட்ட வார்டு. ஆறு பேருக்கும் அதே அறுவை சிகிச்சை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கதவுக்கு மேலிருந்த பெட்டியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள்." அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட ஆயா படுத்திருந்தார். அவர் மேலே பார்த்து, "இவளுக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு வயிறு லேசாகுதுன்னு சொல்லுவா. இவளுக்கு வெட்டிப் பாத்தாத் தெரியும்" என்றார்.

அதோடு அக்காவுக்குச் சிரிப்பு போய்விட்டது. அந்தக் குரல் தன்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி, செய்துதான் பார்ப்போமே என்று செய்யத் தொடங்கினார். மூச்சை இழுத்தார். பாதி இழுப்பதற்குள் "இப்போது மெல்ல வெளியே விடுங்கள்" என்றது குரல். விட்டு முடிப்பதற்குள் "மீண்டும் உள்ளே" என்றது. ஓடுகிற பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி ஓடினார். நாலாவது நிமிடத்தில் தலை சுற்றியது, விரல் நுனியெல்லாம் மரத்துப் போனது, நெஞ்சு அடித்துக்கொண்டது. நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பதட்டப்படாதீங்கம்மா. மத்தவங்கல்லாம் செய்யலையா? மனசை அமைதியா வச்சுக்கிட்டுச் செய்யுங்க, வரும்" என்றார் நர்ஸ்.

மற்றவர்கள் செய்தார்களா? ஆறு பேரும் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று ஆறு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் ஆயா மெல்லக் கேட்டாராம்: "எனக்கு நிம்மதியாகூட இருக்கத் தெரியலையே, உனக்கு வந்துச்சா?" அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அழுகை பிடித்துக்கொண்டது. காரணம் சொல்ல வராத அழுகை. சோற்றைப் பிசைந்தால் அழுகை, மகள் கல்லூரிக்குக் கிளம்பினால் அழுகை, ஜன்னல் கொக்கி சரியாக விழவில்லையென்றால் அதற்கும். உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்து வழியும், அடுத்த நிமிடம் சில்லிடும். மகள் பாவம், நல்லதுதானே என்று மருத்துவமனை கொடுத்த பதிவைப் போனில் போட்டு அம்மாவின் தலைமாட்டில் வைப்பாள். வீட்டுக்காரரோ, அக்கா எதற்காவது குரலை உயர்த்திவிட்டால் போதும், அறிவிப்புக் குரலில் "கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள்" என்று பாடிக் காட்டுவார். "உன் குரலைக் கேட்டு ஊரே தூங்குது, உனக்கு மட்டும் என்ன கேடு?" என்பார். கை நீட்டாத நல்லவர்.

அக்கா வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எங்கேயாவது சொந்தக் குரல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டார்.

ஏழாவது வாரம் என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். மூன்று மாடியும் ஏறி வந்திருக்கிறார், ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து. பாதி உடம்பாகியிருந்தார்.

"அந்த ஆஸ்பத்திரிப் பதிவைப் போடுடா."

"எதுக்கு அக்கா இப்ப? உக்காருங்க, டீ சொல்றேன்."

"டீயெல்லாம் வேணாம். எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா, இல்ல அதுல எதும் தப்பிருக்கான்னு தெரிஞ்சாகணும்."

போட்டேன். தரையில் விரிப்பைப் போட்டுப் படுத்தார். ஒரு கை தையல் மேல். நான் முதல் முறையாக அதைச் செய்கிற ஒரு மனுஷியைப் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் அவர் வாய் திறந்து திறந்து மூடியது, கரையில் போட்ட மீன் மாதிரி. எனக்குச் சட்டென்று உறைத்தது. நிறுத்தினேன்.

"அக்கா, இடைவெளியைச் சுருக்கிட்டேன். எட்டு நிமிஷம் கேட்டாங்க."

அவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அப்ப எனக்கு நிம்மதியா இருக்கத் தெரியாம இல்ல. உன் கத்திரிதான் காரணம்" என்றார். "ஆறு பேருடா. அந்த வார்டுல மட்டும் ஆறு பேரு. ஒரு வருஷத்துல எத்தனை பேரு?"

நான் எதையும் அழிக்காதவன். வெட்டாத மூலப் பதிவு கிடந்தது. தேடி எடுத்துப் போட்டேன். நாற்காலி கிரீச்சிட்டது, காகிதம் சரசரத்தது. "உங்கள் வயிறு" என்று தொடங்கி நிறுத்திவிட்டு, "கொஞ்சம் நில்லு தம்பி, வலிக்குது" என்றது அவர் குரல். அதற்கு என் குரல், "இங்க நான் வெந்துக்கிட்டிருக்கேன்" என்றது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். வலிக்காக அவர் இழுத்த நீள மூச்சுகள் ஒவ்வொன்றும் அதில் இருந்தன. எழுதியிருந்ததைவிடக் கூடுதலாகவே இருந்தன. படுத்திருந்த அக்கா அந்த மூச்சோடு சேர்ந்து மூச்சு இழுத்தார், அது விடும்போது விட்டார். பத்தாவது நிமிடம் கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை. பதிவு முடிந்து கால் மணி நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டிருந்தார். கீழே செருப்புக் கடை ஷட்டரை யாரோ தடதடவென்று இறக்கினார்கள், அதற்கும் விழிக்கவில்லை.

எழுந்ததும் சொன்னது ஒன்றுதான். "இதை அங்க மாத்திக் கொடுத்துடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பேச்சுக் குறுக்கீடுகளை எடுத்துவிட்டு, மூச்சுகளை அப்படியே விட்டு, பன்னிரண்டு நிமிடப் பதிவைத் தயார் செய்தேன். அக்காவின் போனுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, மேலாளரிடம் கொண்டுபோனேன். ஒரு நிமிடம் கேட்டார்.

"என்ன சார் இது, மூச்சு வாங்குற சத்தமெல்லாம் கேக்குது? பழசு எவ்வளவு நீட்டா இருந்துச்சு."

"அதைக் கேட்டுச் செஞ்சா தலை சுத்துது சார்."

"யாரு புகார் கொடுத்திருக்காங்க? ஒரு புகார் காட்டுங்க. தவிர, பன்னிரண்டு நிமிஷத்துக்கு நேரம் இல்ல."

யார் புகார் கொடுப்பார்கள்? தனக்கு நிம்மதியாக இருக்கத் தெரியவில்லை என்று எந்தப் பெண் எழுதிக் கொடுப்பாள்?

விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. ஒரு சனிக்கிழமை, பார்வையாளர் நேரத்தில், யாரையோ பார்க்க வந்தவர் மாதிரி அந்த வார்டுக்கே போய்விட்டார். காலையில் போலவே மாலை நாலு மணிக்கும் பெட்டியிலிருந்து அவர் குரல் தொடங்கியது. ஆறு கட்டிலிலும் வேறு ஆறு பேர். அக்கா நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவ சொல்றதைக் கேக்காதீங்க. அவ ஓடுறா. நான் சொல்றேன், மெதுவா இழுங்க. அவசரமில்ல. அழுகை வந்தா அழுங்க, அதுவும் மூச்சுதான்."

மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், இரண்டும் ஒருத்தியுடையது. அந்தப் பெண்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் இரண்டு பேர் மேலே இருந்தவளை விட்டுவிட்டுக் கீழே இருந்தவளோடு மூச்சு விடத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாவது பெண் விசும்பத் தொடங்கியபோது பெட்டியிலிருந்து மணி அடித்தது. "பார்வையாளர் நேரம் முடிந்தது. தயவுசெய்து வெளியேறவும்." அதுவும் அக்காதான். அதுவும் என் பதிவுதான். வார்டு வாசலில் காவலாளி வந்து நின்றார்.

"அம்மா, சொல்றாங்கல்ல, கிளம்புங்க."

"நான்தான்யா சொல்றேன்" என்றாராம் அக்கா.

காவலாளிக்கு அது எகத்தாளமாகப் பட்டுவிட்டது. கையைப் பிடிக்காத குறையாக வெளியே கொண்டுவந்து விட்டார். இனி உள்ளே விடக் கூடாதவர்கள் என்று வாசலில் ஒரு பட்டியல் இருக்கிறதாம், அதில் அக்காவும் சேர்ந்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து போன். மூன்று புதுக் கிளைகள் திறக்கிறார்கள். அறிவிப்புகள், லிஃப்ட் குரல், மனசு ஆறும் பயிற்சி எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பி வைக்கச் சொன்னார்கள். எப்படியோ அக்காவின் காதுக்கு எட்டிவிட்டது. அன்று மாலையே கூப்பிட்டார். அந்த நாலு மாதமும் அவர் பழையபடி ஆகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போகிறார், அறிவிக்கிறார், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார். நான் கொடுத்த நீளப் பதிவை அவர் ஒரு நாளும் திரும்பப் போட்டுக் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு இல்லாதது தனக்கு மட்டும் எதற்கு என்று சொல்லிவிட்டார்.

"கத்திரி, பெருசை அனுப்புடா. கேக்காம அனுப்பிடு. அங்க இருக்கறவங்க புதுசு, யாரும் மணி பாத்துக்கிட்டு நிக்க மாட்டாங்க. செய்வியாடா?"

"செய்றேன் அக்கா."

திரையில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. எட்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடம். எந்த வீரனும் இந்தச் சின்ன வேலைக்குத் தேவையில்லை, விரலை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும். நான் அந்த மேலாளரின் முகத்தை நினைத்தேன். அவர் ஒரு கிளையில் ஒரு நாள் நின்று கேட்டுவிட்டால் அடுத்த வேலை வராது, அதன் பிறகு எந்த வேலையும் வராது என்று நினைத்தேன். எனக்கும் வீடு இருக்கிறது, வாசல் இருக்கிறது என்று எல்லாக் கோழைகளும் சொல்வதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு நிமிடத்தை அனுப்பினேன்.

மறுநாள் மதியம் அக்கா கூப்பிட்டார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் அக்கா."

"எதை?"

"பெருசைத்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா அக்கா."

போனில் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அடிவயிற்றிலிருந்து, டாக்டரம்மா எழுதி வைத்திருந்த மாதிரியே, நாலு எண்ணும் வரை. ஆறு எண்ணும் வரை விட்டார். பழக்கம் விடாமல் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இப்பதான்டா கத்திரி" என்றார் அக்கா, "வயிறு லேசான மாதிரி இருக்கு."